ஈம் கிராமத்தில் முன்னோரைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மனைவியின் பாட்டி வழி, இங்கிலாந்தில் டார்பிஷர் கவுண்டியில் உள்ள ஈம் என்ற மலைக்கிராமத்தைச் சேர்ந்தது. பிள்ளைகளுக்கு வம்ச விளக்கப்படம் வரைந்து கொடுக்கலாம் என்று விளையாட்டாக ஆரம்பித்தேன், விடுமுறை நாள் எல்லாம் அதிலேயே போகிறது. ஆங்கிலேயர் வீட்டில் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பத்து நண்பர்கள் என்று பலர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஈம் வேண்டாம், வேறு ஊர்தான் வேண்டும் என்பவர்களுக்கும் பாதிக்கு மேல் உதவும்.

பாரிஷ் என்றால் என்ன? கிராமம்தானே?

இல்லை. ஒரு கோயிலுக்கு உட்பட்ட எல்லை அது. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்கிறார்களே, திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையார் 'சேகரம்' என்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கிலாந்தில் பாரிஷ் சாமி காரியத்தோடு நிற்கவில்லை. ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது, சாலை போடுவது, தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைக்கு யார் செலவு செய்வது என்று முடிவெடுப்பது எல்லாம் பல நூறு வருடம் பாரிஷ் தலையில்தான் இருந்தது. அதனால்தான் ஒரு சாதாரணக் கூலிக்காரரின் பெயர்கூட ஏதாவது ஒரு தாளில் மாட்டியிருக்கும்.

ஈம் பாரிஷில் ஈம், ஃபூலோ, ஈம் வுட்லண்ட்ஸ் ஆகிய மூன்று ஊர்ப்பகுதிகள் இருந்தன. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஸ்டோனி மிடில்டன் அதில் சேராது. அது ஹாதர்சேஜ் பாரிஷின் கிளை. வரைபடத்தில் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரே பதிவேட்டில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். முதலில் பாரிஷ் எல்லை வரைபடம் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.

ஊர் பெயரை எப்படிச் சொல்வது?

ஈம். 'ஈயாம்' என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

எல்லோரும் அங்கே போய்ப் பார்க்கிறார்களே, அப்படி என்ன நடந்தது?

1665-ல் லண்டனைப் பிளேக் உலுக்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஈமில் ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணி மூட்டை ஒன்று வந்தது. ஈரமாக இருந்த துணியை அடுப்புப் பக்கம் காயப் போட்டார் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற வேலையாள். துணியில் இருந்த தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கொண்டுவந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். செப்டம்பர் 7 அன்று விக்கர்ஸை அடக்கம் செய்தார்கள். இரண்டு வாரத்தில் அதே வீட்டுப் பையன் எட்வர்ட் கூப்பர் போனான். குளிர்காலத்தில் சாவு குறைந்தது. ஆபத்து போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். வெயில் வந்ததும் மறுபடி ஏறியது.

அப்போது ஊரில் இரண்டு பாதிரியார்கள். ஒருவர் 1664-ல் வந்த இளைஞர் வில்லியம் மொம்பெஸன். இன்னொருவர், புதிய வழிபாட்டுச் சட்டத்துக்குத் தலையாட்ட மறுத்து 1662-ல் பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லி. ஊர் பெரிய அளவுக்கு ஸ்டான்லி பக்கம். ஆகாத இரண்டு பேரும் சேர்ந்து நின்றதால்தான் 1666 ஜூனில் ஊர் மூன்று விஷயத்துக்குச் சம்மதித்தது. கோயிலைப் பூட்டிவிட்டு கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் திறந்தவெளியில் ஆராதனை. அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே தோட்டத்திலோ வயலிலோ புதைப்பது. ஊர் எல்லையை யாரும் தாண்டுவதில்லை.

சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷர் பிரபு உணவு அனுப்பினார். மற்றவர்கள் எல்லையில் சாமானை வைத்துவிட்டுப் போவார்கள். ஸ்டோனி மிடில்டன் போகும் வழியில் ஒரு பாறை இருக்கிறது, அதில் குழிகள். நோய் ஒட்டக் கூடாது என்று குழியில் வினிகரை ஊற்றி அதற்குள் சாமானுக்கான காசைப் போடுவார்களாம். இன்று அந்தக் குழிகளின் விளிம்பு வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் விரலை விட்டுப் பார்க்கிறார்கள், நானும் விட்டேன்.

மொம்பெஸனின் மனைவி கேதரின் ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். 1666 நவம்பர் 1 அன்று இறந்த ஏப்ரஹாம் மார்ட்டன் கடைசி ஆள் என்பது பதிவேட்டுக் கணக்கு.

எத்தனை பேர் இறந்தார்கள்?

350 பேரில் 260 பேர் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். இறந்தவர் கணக்கு ஓரளவு சரி, ஏனென்றால் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஊர் மக்கள்தொகைதான் சிக்கல். 1664 அடுப்பு வரிப் பட்டியலை (வீட்டில் எத்தனை அடுப்பு என்று எண்ணி வாங்கிய வரி) வைத்துக் கணக்குப் போட்டவர்கள் ஈமில் அப்போது 700 பேர் சுமாருக்கு இருந்திருப்பார்கள் என்கிறார்கள். அப்படியானால் முக்கால்வாசிப் பேர் அல்ல, மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். 'ஊரே அழிந்தது, என் முன்னோர் மட்டும் தப்பினார்' என்று குடும்பக் கதை இருந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தப்பியவர்கள் நிறையப் பேர்.

பிளேக் காலத்துப் பதிவேட்டை நேரில் பார்த்தீர்களா? அசல்தானா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும், ஆனால் அபூர்வமாகத்தான் யாராவது கேட்கிறார்கள். இன்று இருப்பது அசல் அல்ல. 1705 வாக்கில் ஜோசப் ஹன்ட் என்ற பாதிரியார் பழைய ஏட்டைப் பார்த்து எழுதிய நகல். அதாவது பிளேக் முடிந்து நாற்பது வருடம் கழித்து. பெயர்கள், தேதிகள் எல்லாம் அவர் கண்ணையும் கையையும் தாண்டித்தான் நம்மிடம் வந்திருக்கின்றன. பழைய கையெழுத்தில் 1-ம் 7-ம் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். ஒரு வரி விட்டுப்போயிருக்கலாம். உச்சரிப்பை வைத்து எழுத்தை மாற்றியிருக்கலாம்.

ஹன்ட்டைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. வந்த புதிதில் ஒரு சாராயக்கடையில் சுரங்கத் தொழிலாளிகளோடு உட்கார்ந்து குடித்திருக்கிறார். போதையில், கடைக்காரர் மகளோடு அவருக்குப் பொய்க் கல்யாணம் ஒன்று நடத்திவிட்டார்கள். பிஷப் காதுக்குப் போனது. 'மந்திரம் சொன்னாயல்லவா, முறைப்படி கட்டிக்கொள்' என்றுவிட்டார். ஏற்கெனவே நிச்சயம் செய்திருந்த டார்பி நகரத்துப் பெண் வழக்குப் போட, அமீனா வருவான் என்று பயந்து மனிதர் கோயிலை ஒட்டிய அறையிலேயே ஒளிந்து வாழ்ந்தாராம். கதையில் எவ்வளவு ஜோடனை என்பது வேறு விஷயம். என் மனக்கண்ணில் அந்த நகலை எழுதுகிறவர் எப்போதும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இதை வம்புக்காகச் சொல்லவில்லை. எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டியது 'இதை எழுதியது யார், எப்போது' என்பதுதான். பெயரைத் தேடுவது அப்புறம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

வீட்டிலிருந்து. உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள், ஆவணக் காப்பகம் எங்கும் ஓடிவிடாது. பிறகு ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். நடுவில் தாண்டிக் குதிக்கக் கூடாது. 'எங்கள் பெயர் சிடால், பிளேக்கில் செத்த சிடால் குடும்பம் எங்களுடையதுதான்' என்று 1666-லிருந்து முன்னால் வருகிறவர்கள் எப்போதும் தப்பான வீட்டுக்குத்தான் போய்ச் சேருவார்கள்.

இங்கிலாந்தில் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1. அதுவரை சான்றிதழ்களைப் பிடித்துக்கொண்டே போகலாம். திருமணச் சான்றிதழில் இரு தரப்புத் தகப்பனார் பெயரும் தொழிலும் இருக்கும், ஒரே தாளில் ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம். அரசின் தலைமைப் பதிவாளர் அலுவலகம் (ஜி.ஆர்.ஓ.) வைத்திருக்கும் இணைய அட்டவணையில் பிறப்புக்கு நேராகத் தாயின் கன்னிப் பெயரும் இருக்கும், பார்க்கக் காசு இல்லை. ஆரம்ப வருடங்களில் பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் உண்டு. 1875-லிருந்துதான் சட்டம் இறுகியது. கிடைக்கவில்லை என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போங்கள்.

அட்டவணையில் 'பேக்வெல்' என்று வருகிறது. எங்கள் ஆட்கள் ஈம் இல்லையா?

பயப்படாதீர்கள். பேக்வெல் என்பது பதிவு மாவட்டத்தின் பெயர், ஈம் அதற்குள் அடங்கும். பிறந்த ஊர் சான்றிதழில்தான் தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பலாமா?

நம்பலாம், சந்தேகத்தோடு. பெயர் வாரியாகப் பார்க்கக் கிடைப்பது 1841 முதல், பத்து வருடத்துக்கு ஒன்று. 1841-ல் பெரியவர்கள் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். பிறந்த இடமும் 'இதே கவுண்டியா, ஆமா இல்லையா' என்ற அளவில்தான். 1851-லிருந்து பாரிஷ் பெயரே இருக்கும், அங்கேதான் கதவு திறக்கும். 1931 கணக்கெடுப்பு தீயில் போயிற்று, 1941-ல் எடுக்கவே இல்லை. இப்போதைக்குப் பார்க்கக் கிடைப்பதில் கடைசி 1921.

ஒரே ஆள் ஒரு தடவை 'ஈம்', அடுத்த தடவை 'ஃபூலோ' என்று பிறந்த ஊரைச் சொல்லியிருப்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம், மேலே சொன்ன பாரிஷ் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

1837-க்கு முன்னால்?

பாரிஷ் பதிவேடுகள்தான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லி 1538-ல் உத்தரவு வந்தது. எல்லா ஊரிலும் அவ்வளவு பழைய ஏடு தப்பவில்லை, ஈமில் 1630-லிருந்துதான். டார்பிஷர் பதிவேடுகளுக்கு மேட்லாக் ஊரில் உள்ள கவுண்டி ஆவணக் காப்பகம்.

காலத்துக்குக் காலம் பதிவின் தரம் மாறும். 1813-லிருந்து அச்சடித்த படிவம், தகப்பனார் தொழில், வசிப்பிடம், அடக்கத்தில் வயது எல்லாம் இருக்கும். 1754-லிருந்து திருமணப் பதிவில் மணமக்கள் கையெழுத்தும் சாட்சிகளும். எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். என் மனைவி வீட்டு ஆட்களில் ஒரு பெண் போட்ட குறி இன்னும் கண்ணில் நிற்கிறது. பேனாவே பிடித்ததில்லை போலிருக்கிறது, கோடு முடியும் இடத்தில் மை தெறித்து ஒரு பொட்டு. சாட்சிகளை விட்டுவிடாதீர்கள், முக்கால்வாசி அண்ணன், அக்கா, மாமாதான். அதற்கும் பின்னால் போனால் ஒற்றை வரி: இன்னாரின் மகன் இன்னான், தேதி. அம்மா பெயர்கூட இருக்காது.

1650-களில் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய குடியரசுக் காலத்தில் பல பாரிஷ்களில் ஓட்டை விழுந்திருக்கும். அப்புறம், 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி. 'வரி போகட்டும், மொத்தமாகப் பிறகு செய்துகொள்ளலாம்' என்று நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்த குடும்பங்கள் உண்டு. நான்கு பெயர் ஒரே தேதியில் இருந்தால் நாற்பிறப்பு என்று எண்ணாதீர்கள்.

1665 பிப்ரவரியில் ஓர் அடக்கம் இருக்கிறது. பிளேக்குக்கு முந்தையதுதானே?

இல்லை! அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25-ல் பிறந்தது. 1665 செப்டம்பருக்குப் பிறகுதான் அவர்களுடைய '1665 பிப்ரவரி' வரும். நம் கணக்கில் அது 1666, பிளேக்குக்கு நடுவே. குழப்பம் வேண்டாம் என்றால் 1665/66 என்று இரண்டையும் எழுதி வையுங்கள். 1752-ல்தான் ஜனவரி 1 முறைக்கு வந்தார்கள். அந்த வருடம் செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14.

பதிவேட்டில் பெயரே இல்லை. என்ன செய்வது?

எழுத்துக் கூட்டலை மாற்றிப் பாருங்கள். ஒரே பாதிரியார் ஒரே பக்கத்தில் ஒரு குடும்பப் பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார். அடுத்து, பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்களைப் பாருங்கள். ஈம் அப்போது லிச்ஃபீல்ட் மறைமாவட்டத்தில் இருந்தது, அந்த நகல்கள் இப்போது ஸ்டாஃபோர்ட்ஷர் ஆவணக் காப்பகத்தில். பாரிஷ் ஏட்டில் விட்டுப்போனது நகலில் இருந்த அனுபவம் எனக்கு உண்டு. அப்புறம், ஆங்கிலிக்கன் கோயிலுக்கே போகாதவர்கள். ஸ்டான்லி வழி வந்த பிரிவினர், பிறகு மெதடிஸ்டுகள். அவர்களுக்குத் தனிப் பதிவேடுகள். மணப்பெண் ஊரில் கல்யாணம் நடப்பது அங்கேயும் வழக்கம், அக்கம்பக்க பாரிஷ்களைத் தேடாமல் 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

நீங்கள் செய்த பெரிய தப்பு எது?

இருக்கிறது, ஆறு மாதத்தைத் தின்றது. வயது, தகப்பன் பெயர் எல்லாம் பொருந்திய ஒரு ஞானஸ்நானம் கிடைத்தது. அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டு மேலே மூன்று தலைமுறை போய்விட்டேன். ஒரு மழை நாளில் பொழுதுபோகாமல் அடக்கப் பதிவைப் புரட்டினால், அந்தக் குழந்தை நாலு மாதத்திலேயே இறந்திருக்கிறது. நான் தேடியவர் அதே பெயருடைய சித்தப்பா மகன். ஓர் ஊரில் ஐந்தாறு பெயரையே மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஞானஸ்நானம் கிடைத்த அன்றே அடுத்த ஐந்து வருட அடக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கப்படத்தில் எழுதுகிறேன்.

அடுத்தவர் இணையத்தில் போட்டு வைத்திருக்கும் வம்ச விளக்கப்படங்களைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். துப்புக்கு நல்லது, சாட்சிக்கு உதவாது.

ஏழைக் குடும்பம், உயில் எல்லாம் இருக்காதே?

உயில் இல்லாவிட்டாலும் ஏழைகளைப் பற்றித்தான் சில சமயம் அதிகம் தெரியவரும். 1662 சட்டப்படி, பிழைக்கப் போன ஊரில் கையேந்தினால் சொந்த பாரிஷுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு விசாரணை உண்டு: எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எப்போது கட்டினாய், பிள்ளைகள் எத்தனை. ஒரு பக்கத்தில் முழு வாழ்க்கை. இந்தத் தாள்கள் பாரிஷ் பெட்டியில் இருந்தன. எல்லாப் பெட்டியும் தப்பவில்லை, தப்பியிருந்தால் அதிர்ஷ்டம். உயில் வேண்டுமானால், 1858-க்கு முன் ஈம் ஆட்களுடையது லிச்ஃபீல்ட் சபை நீதிமன்றத்தில் பதிவானது.

பாதிப் பேருக்கு 'சுரங்கத் தொழிலாளி' என்று இருக்கிறது. நிலக்கரியா?

ஈயம். அந்த மலை முழுக்க ஈய நரம்பு. பெரிய கம்பெனிச் சுரங்கம் என்று கற்பனை செய்யாதீர்கள். நாலு வெள்ளாடு, ஒரு துண்டு நிலம், மிச்ச நேரத்தில் மச்சினனோடு சேர்ந்து ஒரு குழி, இப்படித்தான் பலர். குழித் தகராறுகளைத் தீர்க்க 'பார்மோட்' என்ற தனி நீதிமன்றமே இருந்தது. பாதிரியாருக்கும் ஈயத்தில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, உண்டு, அதனால் புது நரம்பு கிடைத்தால் கோயில் வருமானமும் ஏறும். 19-ம் நூற்றாண்டில் ஈயம் படுத்தபோது பிள்ளைகள் ஷெஃபீல்டு உருக்காலைகளுக்கும் லங்காஷர் பஞ்சாலைகளுக்கும் கிளம்பினார்கள். ஊரில் தங்கியவர்களில் பலர் செருப்புத் தைத்தார்கள்.

ஈம் வம்சத்தாருக்குப் பிளேக் அண்டாத மரபணு இருக்கிறதாமே?

தொலைக்காட்சியில் வந்து பரவிய சேதி. ஈமில் தப்பியவர்களின் வாரிசுகளைச் சோதித்து, சிசிஆர்5 மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் காப்பாற்றியிருக்கலாம் என்று ஓர் ஆய்வுக் குழு சொன்னது உண்மை. பிறகு எலிகளில் செய்த சோதனையில் அது பிளேக்கைத் தடுக்கவில்லை. ஐரோப்பாவின் வெண்கலக் கால எலும்புகளிலும் அதே மாற்றம் கிடைத்தது. மரபணுச் சோதனையை உறவு தேடச் செய்யுங்கள், இதற்காக வேண்டாம்.

எங்கள் முப்பாட்டனார் இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து மதராஸ் வந்தவர். இங்கிருந்து தேட முடியுமா?

முடியும். கம்பெனிக் காலத்திலேயே மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போனது, இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி கோயில் 1680-ல் திறந்தது, அங்கிருந்தே சங்கிலி ஆரம்பம். சிக்கல் என்னவென்றால் இந்தியப் பதிவில் சொந்த பாரிஷ் பெயர் இருக்காது. சிப்பாயாக வந்திருந்தால் ராணுவச் சேர்க்கைப் பட்டியலில் பிறந்த ஊர் இருக்கும், முதலில் அதைப் பிடியுங்கள்.

நேரில் போனால் என்ன பார்க்கலாம்?

செயின்ட் லாரன்ஸ் கோயில், அதன் வாசலில் பிளேக்குக்கும் பல நூற்றாண்டு முந்தைய சாக்ஸன் சிலுவை, கேதரினின் கல்லறை. 1994-ல் திறந்த அருங்காட்சியகம். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு என்றால் கக்லெட் டெல்ஃபில் நினைவு ஆராதனை. கோயிலை ஒட்டிய குடிசைகளின் முன்னே இறந்தவர் பெயர்ப் பலகைகள் இருக்கும். உருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்த வீட்டில் யார் என்பது பிற்காலத்து ஊர்வழக்கு, பலகையைப் படம் எடுத்து ஆதாரம் என்று ஒட்டாதீர்கள்.

கால் ஒத்துழைத்தால் ஊருக்கு வெளியே அரை மைல் ஏறி ரைலி கல்லறைகளுக்குப் போங்கள். வயலுக்கு நடுவே தாழ்ந்த வட்டச் சுவர், உள்ளே ஹான்காக் குடும்பத்து ஏழு பேர். 1666 ஆகஸ்ட் 3 முதல் 10 வரை, எட்டு நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் எலிசபெத் ஹான்காக் தன் கையாலேயே புதைத்தார். கோயில் நிலத்தில் இல்லாத இந்த ஏழு பேரும் ஹன்ட்டின் நகலில் வரிசையாக இருக்கிறார்கள். எலிசபெத் அங்கே இல்லை. மிஞ்சிய ஒரு மகனைத் தேடி ஷெஃபீல்டுக்குப் போய்விட்டார் என்கிறார்கள், அவரைத் தேடுகிறவர் அடுத்து ஷெஃபீல்டு பதிவேட்டைத்தான் திறக்க வேண்டும்.